யளனகப புராணம்

1554-ஆம் வருஷம், போர்ச்சுகல் தேசத்து லிஸ்பன் பட்டணம், ஓர் அச்சுக்கூடம். மை நாற்றத்துக்கு நடுவே மூன்று தமிழர்கள் நிற்கிறார்கள். ஊரில் ஆத்தா வைத்த பெயர் என்னவோ, ஞானஸ்நானத்துக்குப் பிறகு வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வால்யோ, தோமா குரூஸ். ஜெபங்களைத் தமிழில் அச்சடித்தாக வேண்டும். மூன்றாம் ஜான் ராஜாவின் உத்தரவு. தமிழ் தெரிந்த ஆள் உண்டு, காகிதம் உண்டு, மை உண்டு. தமிழ் எழுத்து மட்டும் அந்த ஊரில் ஒருவரிடமும் இல்லை. நம்மாட்கள் தலையைச் சொறிந்திருப்பார்கள். பிறகு, இன்றைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளை வாட்ஸாப்பில் என்ன செய்கிறதோ அதையே செய்தார்கள். தமிழை அப்படியே ரோமன் எழுத்தில் கோத்து அச்சடித்துவிட்டார்கள்.

ஆக, அச்சேறிய முதல் தமிழ்ப் புத்தகமே தங்கிலீஷ். எங்கள் குடும்பக் குழுவில் பெரியப்பா, "இந்தக் காலத்துப் பசங்க தமிழை இங்கிலீஷ் எழுத்துல எழுதி நாசம் பண்றாங்க" என்று பொங்கியபோது இந்த வரலாற்றை எடுத்துவிட்டேன். "பெரியப்பா, இது நானூத்தி எழுபது வருஷத்துப் பழக்கம்." அவர் "போடா" என்று பதில் போட்டார். நாலு ஆங்கில எழுத்தில்.

அதற்கு முன்னால் எல்லாம் சுத்தமாக இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஓலைச்சுவடி என்பது பயனர் மீது துளியும் இரக்கமில்லாத கருவி. மெய்யெழுத்துக்குப் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டார்கள். குறில் கொம்பும் நெடில் கொம்பும் பார்வைக்கு ஒன்றுதான். காலும் ரகரமும் அண்ணன் தம்பி. 'தென' என்று கீறியிருந்தால் அது தென்திசையா, தேனா, வேறு ஏதாவதா என்பதைப் படிப்பவரே தன் சொந்தப் பொறுப்பில் முடிவு செய்துகொள்ள வேண்டும். வைத்திய ஓலையில் 'தென கலந்து கொடு' என்று வந்தால், நோயாளியின் ஆயுள் வைத்தியரின் இலக்கண அறிவில் தொங்கும். நம் முன்னோர்கள் நன்னூலை மனப்பாடம் செய்ததற்குப் பக்தி காரணமில்லை, உயிர்ப்பயம்.

லிஸ்பன் கூத்து நடந்து இருபத்துநாலு வருஷம் கழித்து, முத்துக்குளித்துறைப் பக்கம் பாதிரியாராக இருந்த ஹென்றிகே ஹென்றிகஸ் நிஜமான தமிழ் எழுத்திலேயே ஒரு புத்தகம் கொண்டுவந்தார். 1578, கொல்லம், 'தம்பிரான் வணக்கம்', பதினாறு பக்கம். இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எழுத்தச்சுகளை முதலில் 1577-இல் கோவாவில் வார்த்தார்கள். மறுபடி 1578-இல் கொல்லத்தில் வார்த்தார்கள். புத்தகத்திலேயே இரண்டு ஊர் எழுத்துக்கும் மாதிரி அச்சாகியிருக்கிறது. தமிழ் அச்சு பிறக்கும்போதே இரண்டு ஃபாண்ட்! இந்த 'இரண்டு' என்ற எண்ணை மனசில் வையுங்கள். சனி மாதிரி இது நம்மை விடவே விடாது.

அடுத்து தரங்கம்பாடி. 1706-இல் வந்திறங்கிய பாதிரியார் சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்துகள் செய்து அனுப்பினார்கள். ஒவ்வோர் எழுத்தும் தோசைக்கல் சைஸ். புதிய ஏற்பாட்டை அந்த எழுத்தில் அடித்தால் தரங்கம்பாடியில் உள்ள காகிதம் மொத்தமும் மத்தேயுவுக்கே சரியாகப்போகும். கடைசியில் சீஸ் கட்டி சுற்றி வந்த ஈயத்தை உருக்கி, உள்ளூரிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள் என்றொரு கதை உண்டு. ஃபாண்ட் சைஸைக் குறைக்க நாமெல்லாம் ஒரு பொத்தானை அழுத்துகிறோம். அவர்கள் சீஸ் தின்ன வேண்டியிருந்தது.

இதே காலத்தில் இத்தாலியிலிருந்து வந்த கான்ஸ்டன்டைன் பெஸ்கி என்ற வீரமாமுனிவர், தமிழுக்கு ஒரு 'அப்டேட்' வெளியிட்டார். கொம்பின் தலையில் ஒரு சுழி கூட்டி, நெடிலுக்கு இரட்டைக்கொம்பு. 'தென்' வேறு, 'தேன்' வேறு என்று ஆனது. ஆயிரம் வருஷத்துத் தொல்லையைத் தீர்த்த அந்த மனிதருக்கு 'ஸ்டார் ரேட்டிங்' கொடுக்க அன்றைக்கு வசதியில்லை. இருந்திருந்தால் நம்மாள் ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, "பழைய கொம்பே நன்றாக இருந்தது, எதற்கு மாற்றினீர்கள்?" என்று எழுதியிருப்பார்.

இனி தட்டச்சுப் படலம். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசையில் அடைக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தை ஸ்கூட்டரில் ஏற்றுகிற வேலை. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாப் பக்கம் பிழைக்கப்போன ஆர். முத்தையா அதைச் செய்து காட்டினார். அவருடைய தந்திரம் நகரா விசை. புள்ளியை அடித்தால் காகிதம் நகராது. அதன்பிறகு எழுத்தை அடித்தால் அது புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும். அதாவது, முதலில் அந்தரத்தில் பொட்டு வைத்துவிட வேண்டும், பிறகு அதற்குக் கீழே முகத்தைக் கொண்டுவர வேண்டும். கொம்பும் அப்படியே. எழுதும்போது இடப்பக்கம் வருகிறதல்லவா, ஆகவே அடிக்கும்போதும் முதலில் கொம்பு, பிறகு எழுத்து. சுலபமான ஏற்பாடு. இது எழுபது எண்பது வருஷம் கழித்து எங்கே போய் வெடிக்கும் என்று முத்தையாவுக்கு எப்படித் தெரியும்?

என் அப்பா காலத்தில் வேலையில்லாத இளைஞன் என்றால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இருப்பான் என்று அர்த்தம். ஆங்கிலம் லோயர், ஹையர். அப்புறம் தமிழ் லோயர். ஆங்கிலக்காரர்கள் 'ஏஎஸ்டிஎஃப்ஜி' என்று தட்டுவார்கள், தமிழ்க்காரர்கள் 'யளனகப' என்று தட்டுவார்கள். யளனகப, யளனகப, யளனகப. ஓதாமல் ஒருநாளும் இருக்க வேண்டாம் என்பதை வீட்டில் எப்படிப் புரிந்துகொண்டார்களோ, மாதம் கட்டணம் கட்டி அனுப்பினார்கள். அப்பாவுக்கு அரசாங்க வேலை கிடைக்கவில்லை. ஆனால் இன்றும் கோபம் வந்தால் நாற்காலிக் கைப்பிடியில் அவர் விரல்கள் 'யளனகப' தட்டும்.

இடையில் எழுத்துச் சீர்திருத்தம். அந்தக் காலத்து 'லை'க்கு முன்னால் யானைத் துதிக்கை ஒன்று வளைந்து நிற்கும். 'ணா', 'றா', 'னா' மூன்றும் கால் முளைக்காமல் சுருண்டு கிடக்கும். பெரியார் 1935-இலேயே 'குடிஅரசு' இதழில் துதிக்கையை வெட்டி, காலை ஒட்டிவிட்டார். அரசாங்கம் யோசித்துக்கொண்டே இருந்தது. நாற்பத்துமூன்று வருஷம்தான். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டது. அரசாங்க அலுவலகத்தில் ஒரு ஃபைல் நகர்வதற்கு ஆகும் நேரத்தைப் பார்த்தால், இது வேகம்தான். எங்கள் பாட்டி மட்டும் ஆணையை ஏற்கவில்லை. கடைசிவரைக்கும் பால் கணக்கில் 'விலை'க்கு யானை போட்டுத்தான் எழுதினாள். பால்காரரும் யானையை மதித்துக் காசு வாங்கிக்கொண்டார்.

இப்போது நான் கதைக்குள் வருகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு டிடிபி சென்டரில் வேலை. விண்டோஸ் 98, பேஜ்மேக்கர், கோரல் ட்ரா, ஒரு லேசர் பிரிண்டர், மின்வெட்டுக்கு ஒரு மெழுகுவர்த்தி. தமிழ் ஃபாண்ட் என்றால் அப்போது என்ன தெரியுமா? ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம். கணினிக்குத் தமிழ் இருக்கிறது என்பதே தெரியாது. 'ஜே' என்ற எழுத்துக்கு 'த' படம் மாட்டிவைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பாமினி ஃபாண்டில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி உள்ளே குறித்துக்கொள்வது: ஜே, கே, பி, ஓ, செமிகோலன். 'அம்மா' என்றால் எம், கே, செமிகோலன், கே, ஹெச். பெற்ற தாயை இப்படிக் கூப்பிட்டு வயிறு வளர்த்தோம். ஃபாண்ட் இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் வேஷம் கலையும். தொல்காப்பியமே ஆனாலும் பூனை கீபோர்டில் நடந்த மாதிரி இருக்கும்.

சரி, எல்லோரும் ஒரே வேஷத்தையாவது போட்டார்களா? ஒருவர் 'ஜே'க்கு 'த' மாட்டினால், அடுத்த கம்பெனி 'ஜே'க்கு 'ஐ' மாட்டும். ஈழத்தவர் பெரும்பாலும் பாமினி, அரசாங்க அலுவலகத்தில் வானவில், அச்சகத்தில் ஸ்ரீலிபி, மலேசியாவில் முரசு அஞ்சல். இணையத்தில் தமிழ்ப் பத்திரிகை படிக்கப் போனால் வாசலிலேயே நிறுத்தி, "எங்கள் ஃபாண்டை இறக்கிக்கொண்டு வா" என்பார்கள். இலையும் டம்ளரும் வீட்டிலிருந்து எடுத்து வரச் சொல்கிற கல்யாணப் பந்தி. மூன்று பத்திரிகை படிக்க மூன்று இலை.

ஃபாண்ட் தொல்லைக்கு டிடிபிக்காரர்கள் கண்டுபிடித்த மருந்து, 'கர்வ் பண்ணி அனுப்புறது'. எழுத்தையெல்லாம் கோட்டுப் படமாக மாற்றிவிட்டால் எந்த ஊர் அச்சகத்திலும் திறக்கும். ஆனால் அதன்பிறகு திருத்த முடியாது. பிழையும் சேர்ந்து கல்லில் வெட்டியதாகிவிடும். என் சித்தப்பா மகள் கல்யாணப் பத்திரிகையை நான்தான் அடித்தேன். ஃப்ளாப்பியில் கர்வ் பண்ணி அனுப்பி, ஐந்நூறு பத்திரிகை அச்சாகி வந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு தமிழாசிரியர். மூக்குக்கண்ணாடியை ஏற்றி, கடைசி வரியை நிதானமாகப் படித்தார். "தங்கள் நல்லரவை எதிர்நோக்கும்..." 'நல்வரவு' போயே போய்விட்டது. அரவு என்றால் பாம்பு. ஐந்நூறு குடும்பத்தை நல்ல பாம்போடு வரச்சொல்லி அழைத்திருந்தோம். "சிவன் கோயில்லதானே கல்யாணம், பொருத்தம்தான்" என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னார். சித்தப்பா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

உலகத் தமிழர்களுக்கும் இதே ரத்தக்கொதிப்பு. சுவிட்சர்லாந்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் மின்மடல் குழுவில் கூடி, எந்த எழுத்துக்கு எந்த எண் என்று மல்லுக்கட்டி, 'தகுதரம்' என்ற டிஸ்கி குறியீட்டைச் செய்தார்கள். பங்காளிச் சண்டையைத் தீர்க்கச் சென்னையிலும் 1999 பிப்ரவரியில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடியது. இனி ஒரே தரம் என்று முழங்கி, தமிழக அரசு அறிவித்தது எத்தனை? இரண்டு. தமிழ் மட்டும் உள்ள டாம் ஒன்று, ஆங்கிலமும் கலந்த டாப் ஒன்று. டிஸ்கியும் தன் வழியில் நடந்துகொண்டிருந்தது. கொல்லமும் கோவாவும் மேலிருந்து சிரித்திருக்கும்.

அதே மாநாட்டில் 'தமிழ்99' விசைப்பலகையும் பிறந்தது. உயிரெல்லாம் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. 'க' இரண்டு தடவை தட்டினால் புள்ளி தானாக வந்து 'க்க' ஆகும். சத்தியமாகச் சொல்கிறேன், தமிழுக்கு அமைந்த விசைப்பலகைகளில் இதுவே அழகு. அதனால்தான் 'யளனகப' பழகிய விரல்கள் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நம் ஊரில் இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, கலிபோர்னியாவில் சிலர் உலகத்து மொழிகளுக்கெல்லாம் பட்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். யூனிகோடு. 1991-இல் முதல் பதிப்பு. தமிழுக்கு 128 மனை. அதையாவது நம் இஷ்டப்படி கட்டினோமா? இந்திய அரசின் 1988-ஆம் வருஷத்து இஸ்கி தரத்தைப் பார்த்து அப்படியே அளந்துவிட்டார்கள். அதில் தேவநாகரிதான் மூத்த மருமகள். அவளுக்கு 'க'வில் நாலு உண்டு, நமக்கு ஒன்று. ஆகவே நம் தெருவில் 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவே மூன்று மனை காலி. வரவே போகாதவர்களுக்காக பஸ் சீட்டில் துண்டு போட்டு வைத்த கதை. முப்பது வருஷத்துக்கு மேலாகிறது, துண்டு அப்படியே கிடக்கிறது. அந்தத் தெருவில் 'ந'வுக்குப் பக்கத்து வீட்டில் 'ன', 'ர'வுக்கு அடுத்து 'ற'. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ராகம் போட்டுச் சொல்லும் யரலவழளறன இங்கே யரறலளழவ. இந்த எண்ணை மட்டும் நம்பிப் பெயர்ப்பட்டியலை வரிசைப்படுத்தும் மென்பொருளில் வள்ளியைத் தேடினால் கடைசிப் பெஞ்சுப் பக்கம் இருப்பாள்.

இருந்தாலும் யூனிகோடுதான் நம்மைக் காப்பாற்றியது, நன்றி மறக்கக்கூடாது. விண்டோஸ் 2000-இல் 'லதா' என்ற ஃபாண்ட் வந்தபோது முதல் தடவையாகக் கணினிக்கு 'த' என்றால் 'த' என்று தெரிந்தது. ஜேவின் வேஷம் கலைந்தது. ஆனால் அது கொம்பைப் பார்க்கும் விதம் வேறு. கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், கொம்பு உச்சரிப்பில் பின்னால்தானே? ஆகவே முதலில் எழுத்தை அடி, பிறகு கொம்பை அடி, முன்னால் கொண்டுபோய் வைப்பது என் பாடு என்றது யூனிகோடு. 'யளனகப' பரம்பரை கேட்குமா? பழக்கதோஷத்தில் முதலில் கொம்பைத் தட்டும். அநாதைக் கொம்பைப் பார்த்த கணினி பதறிப்போய், அது பிடித்துக்கொள்ள ஒரு புள்ளி வட்டத்தைக் கொடுக்கும். முத்தையாவின் வெடி வெடித்த இடம் இதுதான்.

இலக்கணத்தையும் விட்டுவைக்கவில்லை. 'தமிழ்' என்றால் மூன்றெழுத்து என்று மேடைக்கு மேடை உருகுகிறோம். கணினியைக் கேட்டால் ஐந்து என்கிறது: த, ம, ஒரு கொக்கி, ழ, ஒரு புள்ளி. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70. கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனி டிக்கெட். தீபாவளி வாழ்த்தில் 'உற்றார் உறவினர்' வரை வந்தால் இரண்டாவது மெசேஜுக்குக் காசு பிடித்துவிடுவார்கள். அழிக்கும் பொத்தானைக் கேட்கவே வேண்டாம். 'கொ'வை அழித்தால் ஒகரம் மட்டும் போய், 'க' நிற்கும். உயிர்மெய்யில் உயிர் போனால் மெய்தானே கிடக்க வேண்டும்? இங்கே உயிர் போன பிறகும் உள்ளே ஓர் அகரம் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. இன்னொரு தட்டு தட்டித்தான் கரையேற்ற வேண்டும்.

ஔவையார் பாடு அதைவிட மோசம். 'ஔ' என்ற ஓரெழுத்தைத் தேடிப்பிடிக்கச் சோம்பல்பட்டு, பாதிப்பேர் ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு 'ஒள' என்று ஒப்பேற்றிவிட்டார்கள். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். கணினிக்கு அவள் வேறு கிழவி. ஸ்ரீக்கும் அதே கதி. 2005-இல் யூனிகோடில் புதிதாக 'ஶ' வந்தபிறகு, ஸ்ரீயை இரண்டு விதமாக எழுதலாம் என்றானது. பார்த்தால் அச்சுப்பிசகாமல் ஒன்று, உள்ளே இரண்டு. ஒரு ஸ்ரீதரன் வங்கியில் கணக்குத் தொடங்கி, அதே ஸ்ரீதரன் தேடினால் 'அப்படி ஒருவர் இல்லை' என்று வரலாம். மாயாவாதத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

2010 ஜூன், கோவை செம்மொழி மாநாடு. தமிழக அரசு மறுபடி ஆணை போட்டது. இனிமேல் யூனிகோடுதான். சரி, யூனிகோடு ஓடாத இடத்தில்? அங்கே டேஸ்16 என்ற இன்னொரு குறியீடு. எண்ணிப் பாருங்கள். இரண்டு.

போன மாதம் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பெயர் தேன்மொழி. தாய்மாமன் நான்; ஃபிளெக்ஸ் செலவு என்னுடையது. 'நல்லரவு' காயம் ஆறாததால், இந்தத் தடவை எச்சரிக்கையாக எல்லாவற்றையும் யூனிகோடில் நானே அடித்து, பேனர் கடைத் தம்பிக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன்.

"யூனிகோடு எடுக்குமா தம்பி?"

"புது சாப்ட்வேர்ணா. எல்லாம் எடுக்கும்."

"அப்ப நான் அனுப்பினதை அப்படியே காப்பி பண்ணிப் போட்டுரு."

"போன்ல இருந்து சிஸ்டத்துக்கு எதுக்குண்ணா மாத்திக்கிட்டு? ரெண்டு வார்த்தைதானே, பார்த்தே அடிச்சுர்றேன். நம்ம டைப்ரைட்டிங் ஹையரு."

வயிற்றில் புளி கரைந்தது. ஆனால் மண்டபத்துக்கு இலை சொல்ல வேண்டியிருந்தது, போய்விட்டேன்.

மறுநாள் காலை மண்டப வாசலில் இருபதடிக்குப் பதினைந்தடி பேனர். அதில் வீரமாமுனிவர் கஷ்டப்பட்டுச் சுழித்த இரட்டைக்கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றது. அதற்குப் பின்னால் 'தன்'. அதற்கும் பின்னால் இன்னொரு வட்டத்தோடு ஒரு ஒற்றைக்கொம்பு. அப்புறம் 'மாழி'. தங்கை என்னைப் பார்த்தாள். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

பெரியப்பா காரிலிருந்து இறங்கினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அண்ணாந்து, பேனரை மேலிருந்து கீழ்வரை படித்தார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்ப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

"ஏன்டா, இந்த ஐடியா யாரோடது?"

"எது பெரியப்பா?"

"காதுகுத்துன்னு பேருக்குள்ளயே ரெண்டு தோடு வரைஞ்சிருக்கானே. கல்லு வச்ச தோடு. ரசனைக்காரன்."

பேனர் கடைத் தம்பி பக்கத்தில்தான் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். சாயங்காலம் பில் வந்தது. ஃபிளெக்ஸ், சட்டம், கட்டுக்கூலி போக, கடைசியில் ஒரு வரி: டிசைன் சார்ஜ் தனி.